ஓர் அருங்காட்சியகம், இரண்டு கரோனாகிராஃப்கள்

அருங்காட்சியகம் என்றால் டைனோசர் எலும்புதான் பலருக்கும் நினைவு வரும். ஆனால் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியக வானியலாளர்கள், அருகிலுள்ள மங்கலான கோள்களைப் பார்க்க நட்சத்திர ஒளியை மறைக்கும் கருவிகளையே (கரோனாகிராஃப்கள்) உருவாக்கினார்கள். ஒன்று லியோ திட்டம், இன்னொன்று புராஜெக்ட் 1640.

லியோ என்ற பெயர், 1930-ஐ ஒட்டி சூரியனின் கரோனாவை, அதாவது அதன் வெளி வளிமண்டலத்தை, பார்க்கக் கரோனாகிராஃபை உருவாக்கிய பெர்னார் லியோவுடையது. லியோ திட்டக் கருவி ஹவாயின் ஹாலேயாகலா மலையில் சுமார் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தப்பட்டது. நட்சத்திரத்தை மறைத்துப் படம் எடுக்கும். அவ்வளவுதான்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். கண்ணாடிகளின் நுண்ணிய பிழைகளால் மிச்ச ஒளி சிறு புள்ளிகளாகச் சிதறும். பார்த்தால் கோள் மாதிரியே இருக்கும்! புராஜெக்ட் 1640 இதற்கு அழகான வழி வைத்திருந்தது. கலிபோர்னியாவின் பலோமார் மலையிலுள்ள 5.1 மீட்டர் தொலைநோக்கியில் இயங்கிய இந்தக் கருவி, ஒரே காட்சியைப் பல அலைநீளங்களில் ஒரே சமயத்தில் எடுக்கும். அலைநீளம் கூடக் கூடப் போலிப் புள்ளி வெளிப்பக்கம் நகரும். கோள் இருந்த இடத்திலேயே நிற்கும். இப்படித்தான் சுமார் 130 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்ஆர் 8799 நட்சத்திரத்தின் நான்கு கோள்களின் நிறமாலையும், அதாவது அவற்றின் ஒளி அலைநீளவாரியாகப் பிரிந்த பதிவும், கிடைத்தது. முடிவுகள் 2013-இல் வெளியாயின. (திட்டத்தின் பெயரிலுள்ள 1640 ஓர் அகச்சிவப்பு அலைநீளம், நானோமீட்டரில்.)

எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். படம் கோள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதன் வளிமண்டலத்தில் மீத்தேன் உண்டா என்று நிறமாலையிடம்தான் கேட்க வேண்டும்.