ஹகாமா: சபைக்கு எது, சாதாரண நாளுக்கு எது?

ஜப்பானிய ஆண்கள் கிமோனோவுக்கு மேல் இடுப்பில் கட்டும் மடிப்பு ஆடை ஹகாமா. வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, இரண்டு கால்களுக்கும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் உமாநோரியா, பிரிவில்லாத அந்தோனா என்றுதான். அவசியமான கேள்விதான். ஆனால் ஒரு ஹகாமா சபைக்கு உரியதா, கடைவீதிக்கு உரியதா என்பதை முடிவு செய்வது துணி. அடுத்தபடியாக, கூடவே அணியும் கிமோனோவும் ஹாவோரி மேலங்கியும்.

உமாநோரி, அந்தோன் இரண்டும் நின்றபடி பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். முன்பக்கம் இரண்டிலும் ஐந்து மடிப்பு. படி ஏறும்போதும் காற்றடிக்கும்போதும் உமாநோரி காலோடு நிற்கும். அந்தோனில் கிமோனோவின் விளிம்பு கீழே எட்டிப் பார்க்கும். சடங்கு முறை பார்ப்பவர்கள் உமாநோரியையே விரும்புவார்கள். வாடகைக் கடைகளில் அந்தோன் அதிகம் இருப்பதற்குக் காரணம் வசதி: கழிவறையில் மொத்தமாகச் சுருட்டித் தூக்கிக்கொள்ளலாம். உமாநோரியில் ஒரு காலின் துணியைக் கீழிருந்து மேல்வரை திரட்டிப் பிடிக்க வேண்டும். வீட்டில் பழகிவிட்டுப் போவது நல்லது. உமாநோரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே கிமோனோ முழுநீளமாகத் தொங்கினால் நடக்க முடியாது. வேட்டியை மடித்துக் கட்டுவதைப்போல, கிமோனோவின் பின்விளிம்பைத் தூக்கி, ஒபி என்ற இடுப்புப்பட்டையில் செருகிவிட வேண்டும். அந்தோனுக்கு இது தேவையில்லை.

இனி துணி. மணமகனின் முழுச் சடங்கு உடையில் தெளிவின்மைக்கே இடமில்லை: ஐந்து குலச்சின்னம் பொறித்த கறுப்பு ஹபுதாயே பட்டுக் கிமோனோ, அதே சின்னத்துடன் ஹாவோரி, செங்குத்துக் கோடு போட்ட செண்டாய்ஹிரா பட்டு ஹகாமா. முதுகில் ஒன்று, மார்பில் இரண்டு, கைகளின் பின்புறம் இரண்டு எனச் சின்னங்கள் அமையும். ஹாவோரியின் முன்கயிறு, தாபி காலுறை, செட்டா செருப்பின் வார், கையில் விசிறி எல்லாம் வெள்ளை. 1968இல் எழுத்தாளர் யசுநாரி கவபாத்தா நோபெல் பரிசு பெற மேடையேறியது இந்த மொன்ட்சுகி ஹாவோரி ஹகாமாவில்தான். துக்க வீட்டுக்கும் இதே கறுப்புக் கிமோனோ பொருந்தும். கயிறும் செருப்பு வாரும் கறுப்பாகவோ சாம்பலாகவோ மாறும், விசிறி கிடையாது.

செண்டாய்ஹிராவின் மதிப்பு வெறும் பெயருக்காக வந்ததல்ல. பாவுக்கு இயற்கைப் பசை நீக்கிய பட்டு நூலும் ஊடைக்குப் பசை நீக்காத பட்டு நூலும் போட்டு நெருக்கமாக நெய்வதால் துணிக்கு விறைப்பு வருகிறது. மண்டியிட்டு உட்கார்ந்து எழுந்தாலும் மடிப்பு குலையாது. பாலியெஸ்டரில் இதே கோடு கிடைக்கும், விலையும் குறைவு, புகைப்படத்தில் நன்றாகவே இருக்கும். ஆனால் வறண்ட குளிர்காலத்தில் நிலைமின்னேற்றத்தால் காலில் ஒட்டும். உள்ளே சுத்தெத்தெக்கோ என்ற தளர்வான பருத்தி உள்கால்சட்டை அணிந்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

இந்த உச்சிக்கும் சாதாரண உடைக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. பலரும் தவறவிடுவது அதைத்தான். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் பட்டப் போட்டிகளில் ஆட்டக்காரர்களைப் பாருங்கள்: நிறக் கிமோனோ, ஹாவோரி, ஹகாமா. மரியாதை குறையாது, மணமகன் தோற்றமும் வராது. தேநீர் விருந்துக்கோ நண்பரின் திருமண வரவேற்புக்கோ போகும் விருந்தாளிக்கு, ஒற்றைச் சின்னமிட்ட ஒற்றை நிறக் கிமோனோவும் கோடில்லாத சாம்பல் ஹகாமாவும் போதும்.

சாதாரண நாளுக்கு ட்சுமுகி என்ற சொரசொரப்பான பட்டு, கம்பளி, பருத்தி. கிமோனோவில் சின்னம் இருக்கக் கூடாது. மேஜி, தைஷோ காலத்து (1868–1926) மாணவர் பாணி இன்றும் அழகாகத்தான் இருக்கிறது: கழுத்துப்பட்டி நிமிர்ந்த வெள்ளைச் சட்டை, அதன்மேல் கிமோனோ, கொக்குராப் பருத்தியில் ஹகாமா, காலில் கெட்டா மரச்செருப்பு. கியூஷூவின் கொக்குரா நகரத்தில் நெய்த தடித்த கோட்டுப் பருத்தி அது. நிறைய நடப்பவர்களுக்கு, கீழ்ப்பகுதி குறுகிய நோபகாமா இன்னும் வசதி. கெந்தோ (வாள்வீச்சு), கியூதோ (வில்வித்தை) பயிற்சி ஹகாமாவைத் தெருவுக்கு அணிவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வெட்டு சரிதான், ஆனால் அந்தத் துணி உடனே பயிற்சிக்கூடத்தை நினைவூட்டும்.

கட்டும் முறை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒன்றே. முதலில் கிமோனோவின் இடப்பக்கம் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. சுமார் 10 செ.மீ. அகலமுள்ள ககு ஒபியை முதுகில் இச்சிமோன்ஜி முடிச்சாகக் கிடைவாட்டில் கட்டுங்கள். ஹகாமா இல்லாதபோது போடும் கைநோகுச்சி முடிச்சு தட்டையானது. ஹகாமாவின் பின் இடுப்பில் இருக்கும் விறைப்பான பின்பலகையைத் தாங்காது.

ஹகாமாவின் முன்பகுதியை, ஒபி மேலே 1 செ.மீ. தெரியும்படி வையுங்கள். நீண்ட முன்நாடாக்களைப் பின்னால் கொண்டுபோய் ஒபி முடிச்சுக்கு மேலே குறுக்கிட்டு, முன்னால் கொண்டுவந்து, ஒரு பக்கத்தில் குறுக்கிட்டுத் திருப்பி, மறுபடி பின்னால் முடிச்சுக்குக் கீழே கட்டுங்கள். பிறகு பின்பகுதியைத் தூக்குங்கள். பலகையின் உட்புறம் உள்ள ஹெரா என்ற சிறு நாக்கை ஒபிக்குள் செருகி, பலகையை ஒபி முடிச்சின்மேல் உட்கார வையுங்கள். பின்நாடாக்களை முன்னால் கொண்டுவந்து, எல்லா முன்நாடாக்களுக்கும் அடியில் ஒன்றை நுழைத்து இறுக்குங்கள். சடங்குக்கு ஒரு நாடாவைக் கிடையாக மடித்து, மற்றதை அதன்மேல் செங்குத்தாகச் சுற்றி, கூட்டல் குறிபோல ஜூமோன்ஜி முடிச்சு. சாதாரண நாளுக்கு வெறும் இரட்டை முடிச்சே போதும்.

பின்பலகை முதுகைவிட்டுத் தொங்கினால் காரணம் பெரும்பாலும் ஒபி முடிச்சு சிறிதாகவோ தளர்வாகவோ இருப்பதுதான். ஹகாமாவின் நாடாவை இன்னும் இறுக்கிப் பயனில்லை. கழற்றி ஒபியிலிருந்து தொடங்குங்கள். விளிம்பு கணுக்கால் எலும்பருகே நிற்கவேண்டும். உயர்ந்தால் சிறுவன் உடைபோல இருக்கும், தாழ்ந்தால் படியில் மிதித்து விழுவீர்கள். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு நாடாவிலிருந்து விளிம்புவரை ஏறத்தாழ 90 செ.மீ. ஒபியை எவ்வளவு தாழ்த்திக் கட்டுவீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். ஆகவே ஒபி கட்டிய பிறகே அளவெடுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால், கோடில்லாத அடர்சாம்பல் உமாநோரி வாங்குங்கள். ட்சுமுகிக் கிமோனோவோடு உலாவலாம், ஒற்றைச் சின்னக் கிமோனோவோடு வரவேற்புக்குப் போகலாம். கோடுபோட்ட செண்டாய்ஹிராவை அன்றாடக் கிமோனோவோடு சேர்த்தால் இடுப்புக்குக் கீழே மணமகன், மேலே வேறு யாரோ என்றாகிவிடும். சொந்தத் திருமணத்துக்கு முழுத்தொகுப்பையும் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போதே உமாநோரி வேண்டுமென்று கேளுங்கள்.