நேர்காணலா, களத்தில் உடனிருத்தலா? நிறுவன ஆய்வுக்கான இரு முறைகள்

நிறுவனங்களைப் பற்றிய பண்புசார் ஆய்வுகளில், அதாவது எண்களை விடப் பேச்சையும் நடத்தையையும் தரவாகக் கொள்ளும் ஆய்வுகளில், பெரும்பகுதி இன்று நேர்காணலை மட்டுமே நம்பி எழுதப்படுகிறது. இருபது, முப்பது ஊழியர்களைச் சந்தித்து, பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, கருப்பொருள் வாரியாகப் பகுத்து முடிவுரை எழுதுவது முனைவர் பட்ட ஆய்வுகளில் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பணியிடத்தில் மாதக்கணக்கில் உடனிருந்து குறிப்பெடுக்கும் பங்கேற்பு உற்றுநோக்கல் அதற்கு நிகரான போட்டி முறை. ஊழியர் என்ன செய்கிறார் என்பதை அறிய வேண்டுமா, தாம் செய்வதை அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதை அறிய வேண்டுமா என்று முடிவு செய்துகொண்ட பிறகே இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வது முறை. ஒருவர் சொன்னதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்வதைப் பற்றித் தீர்ப்பு எழுதும் ஆய்வுகள்தான் எனக்கு நெருடலாக இருக்கின்றன.

இரு முறைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்க உதவும் வாய்ப்பு சிகாகோ அருகே சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் கிடைக்கிறது. 1924 முதல் 1932 வரை அங்கு நடந்த ஆய்வுகள் என்றதும், வெளிச்சத்தை மாற்றி உற்பத்தி மாறுகிறதா என்று பார்த்த விளக்கொளிச் சோதனைகளே பலர் நினைவுக்கு வரும். ஆனால் முறையியலில் அக்கறை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை பிற்பகுதியில் நடந்தவை. 1928-இல் தொடங்கிய நேர்காணல் திட்டத்தில் 21,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுடன் பேசினார்கள். பணிச்சூழல், மேற்பார்வை, வேலை என்று வரிசையாகக் கேள்வி கேட்பதே தொடக்கத் திட்டம். ஊழியர்களோ கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் மனத்தில் இருந்ததைப் பேசத் தலைப்பட்டார்கள். எனவே 1929-இல் கேள்விநிரலை ஒதுக்கிவிட்டு, பேசுபவர் போகும் திசையிலேயே கேட்பவரும் செல்லும் முறைக்கு மாறினார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த சந்திப்புகள் ஒன்றரை மணி நேரம் வரை நீண்டன. ஒரு குறையைச் சொல்பவர் உண்மை நிலவரத்தைத்தான் சொல்கிறார் என்று கொள்ள முடியாது, அது வேறொன்றின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்ற முடிவுக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் எல்டன் மேயோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வந்தது இந்த அனுபவத்தால்தான்.

சில பிரிவுகளில் ஊழியர்கள் கூடிப் பேசி உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற மணமும் இந்த உரையாடல்களில் தட்டியது. ஆனால் அதற்கு மேல் நேர்காணலால் போக முடியவில்லை. 1931 நவம்பரில் தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பிரிவைச் சேர்ந்த 14 ஆண்களைத் தனி அறைக்கு மாற்றி, அங்கே ஓர் உற்றுநோக்காளரை உட்கார வைத்தார்கள். ஆறு மாதங்களுக்கு மேல் அவர் கண்டவை எந்தக் கேள்விநிரலிலும் அகப்படக்கூடியவை அல்ல. நிர்வாகம் நாளொன்றுக்கு 7,312 இணைப்புகளை இலக்காக வைத்திருந்தது. தொழிலாளர்களோ இரண்டு கருவிகள், அதாவது கருவியின் வகையைப் பொறுத்து 6,000 அல்லது 6,600 இணைப்புகளே ஒரு நாளைக்குப் போதும் என்று தங்களுக்குள் வகுத்துக்கொண்டிருந்தார்கள். அதை மீறி வேகம் காட்டியவருக்குக் கேலியும், மேல்கையில் ஒரு குத்தும் கிடைத்தன. ஒரு நாள் கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் செய்துவிட்டு, கணக்கில் மட்டும் எல்லா நாளும் ஒரே அளவாகச் சொன்னார்கள். விதி தடுத்திருந்தும் கம்பி இணைப்பவரும் பற்றவைப்பவரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு அறையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் விடை கிடைத்துவிடாது. அதற்காகவே, அறைக்கு வெளியே இன்னொருவர் அதே தொழிலாளர்களைத் தனித்தனியே சந்தித்துப் பேசினார். வேகமாகச் செய்தால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அங்குதான் வெளிவந்தது. அந்த அச்சத்துக்கு அவர்களது சொந்த அனுபவத்தில் ஆதாரம் இல்லை என்று ஆய்வை எழுதிய ராத்லிஸ்பெர்கரும் டிக்சனும் வாதிட்டார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், சுற்றிலும் வேலை பறிபோய்க்கொண்டிருந்தபோது, அந்த அச்சத்தில் என்ன தவறு என்று பின்வந்த விமர்சகர்கள் கேட்டார்கள். வேலை இல்லாத காரணத்தால் அந்த அறையே 1932-இல் மூடப்பட்டதை எண்ணிப் பார்த்தால் விமர்சகர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. பண்புசார் ஆய்வில் தரவு எவ்வளவு செறிவாக இருந்தாலும் பொருள்கொள்ளும் பொறுப்பு ஆய்வாளரின் தலையில்தான் விழுகிறது.

உடனிருத்தலிலும் படிகள் உண்டு. ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது ஒன்று, தானே வேலைக்குச் சேர்வது மற்றொன்று. சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1944-45-இல் சிகாகோ வட்டாரத்தில் ஒரு இயந்திரப் பட்டறையில் துளையிடும் இயந்திரத்தை இயக்குபவராகவே வேலை பார்த்தார். நல்ல கூலி தரும் வேலைகளில் ஓர் எல்லைக்கு மேல் கணக்குக் காட்டாமல் இருப்பதையும், கூலி கட்டுபடியாகாத வேலைகளில் வேண்டுமென்றே மெத்தனமாக இருப்பதையும் தன் கைவேலையிலேயே பதிவு செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து 1974-இல் மைக்கேல் புராவோய் என்ற இன்னொரு சமூகவியலாளர் தற்செயலாக அதே ஆலையில் இயந்திரப் பணியாளராகச் சேர்ந்து, தொழிலாளர்கள் ஏன் இவ்வளவு உழைக்கிறார்கள் என்று கேள்வியையே திருப்பிப் போட்டார். இந்த அளவு நெருக்கம் நேர்காணலுக்கு வாய்க்காது. ஆனால் இதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய ஓர் ஆண்டு, அதுவும் ஒரே ஒரு பட்டறைக்கு.

இந்தப் போட்டி 1957-இல் அச்சிலேயே விவாதமானது. மருத்துவ மாணவர்களைக் களத்தில் ஆராய்ந்துவந்த சமூகவியலாளர்கள் ஹோவர்ட் பெக்கரும் பிளான்ச் கியரும், ஒரு சமூக நிகழ்வைப் பற்றிய முழுமையான செய்தி பங்கேற்பு உற்றுநோக்கலில்தான் கிடைக்கும் என்றும், மற்ற முறைகளை அதனோடு வைத்தே மதிப்பிட வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆராயப்படும் சிக்கலே முறையைத் தீர்மானிக்க வேண்டும் என்று மற்றொரு சமூகவியலாளரான மார்ட்டின் ட்ரோ மறுத்தார். நான் ட்ரோவின் பக்கம். நடந்து முடிந்த ஒரு நிறுவன இணைப்பையோ, பூட்டிய அறையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவையோ, பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஒருவர் பத்து ஆண்டுகளாக உள்ளே சுமந்துவரும் கசப்பையோ எந்த உற்றுநோக்காளரும் போய்ப் பார்த்துவிட முடியாது. அங்கெல்லாம் நேர்காணலைத் தவிர வேறு வழி இல்லை.

நேர்காணல் எளிது என்ற எண்ணமும் முழு உண்மை அன்று. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். எத்தனை பேரைச் சந்தித்தால் போதும் என்ற கேள்விக்குப் பன்னிரண்டு என்ற எண்ணை மந்திரம் போல் ஒப்பிக்கிறார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் நடத்திய 60 நேர்காணல்களை அலசிய 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து பரவிய எண் அது. ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தவர்களிடம் ஒரே வரிசையில் கேள்வி கேட்கப்பட்டதால் அங்கே பன்னிரண்டு போதுமானதாக இருந்தது. மேலாளர், எழுத்தர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று கலந்து சந்திக்கும் ஆய்வுக்கு அந்த எண்ணை எடுத்துவந்து ஒட்டுவது பொருந்தாது.

குழுக் கலந்துரையாடலை மூன்றாவது வழியாகச் சிலர் முன்வைப்பதுண்டு. வாடிக்கையாளர் கருத்தை அறிய அது பயன்படலாம். ஆனால் மேலதிகாரியும் அவருக்குக் கீழ் வேலை செய்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், கிடைப்பது பதவி வரிசையின் எதிரொலியாகவே இருக்கும்.

தனி ஒருவராக ஆய்வு செய்யும் மாணவருக்கு ஹாதார்னில் இருந்ததுபோல் உள்ளே ஓர் ஆள், வெளியே ஓர் ஆள் என்ற வசதி கிடையாது. அனுமதிக் கடிதத்தில் நிர்வாகத்தின் கையெழுத்து இருப்பதாலேயே தொழிலாளர்கள் அவரை நிர்வாகத்தின் ஆளாகப் பார்ப்பார்கள். அந்த ஐயம் தணியும் முன் நேர்காணலைத் தொடங்கினால் சுவரொட்டியில் எழுதத் தகுந்த பதில்களே கிடைக்கும். ஆகவே முதல் சில வாரங்கள் பணிநேரம் முழுவதும் உடனிருந்து களக்குறிப்பு எழுதிவிட்டு, அக்குறிப்பில் புரியாமல் நின்ற இடங்களையே கேள்விகளாக்கிக்கொண்டு நேர்காணலுக்குப் போகலாம். உடனிருக்க அனுமதியே கிடைக்காத நிறுவனமானால், ஊழியர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று எழுதாமல், இப்படிச் செய்வதாகக் கூறினார்கள் என்று எழுத வேண்டும். ஆய்வின் தலைப்பும் அந்த அளவுக்குள் அடங்கியதாக இருக்க வேண்டும்.