கூட வந்த எரிப்பானா, காசு கொடுத்த எரிப்பானா?

மல்லாவியில் புதிதாக ஸ்ரூடியோ போட்டிருக்கிற மருமகன் போன கிழமை கோல் எடுத்தான். யூஎஸ்பியில் செருகிப் பாவிக்கிற டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கப் போகிறானாம். இரண்டு கடையில் விலை கேட்டிருக்கிறான்.

"ஒரு கடையில பெட்டிக்குள்ள எரிக்கிற சொஃப்ட்வெயாரும் கிடக்கு மாமா. மற்றக் கடையில ரைட்டர் மட்டும்தான், விலை கொஞ்சம் குறைவு. சும்மா வாற சாமானை ஏன் விடுவான்? காசு குடுத்து வாங்கிறதும் இதுவும் ஒண்டுதானே?"

ஒன்றில்லை. ஆனால் அதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கரையில் 2010 இலிருந்து டிவிடி கொப்பி அடித்துக் கொடுக்கிறவன் நான். கூட வந்தது, காசு கொடுத்து வாங்கியது, இலவசமாக இறக்கியது என்று மூன்று வழியிலும் போய் அடிபட்டிருக்கிறேன். அதனால் எழுதியே விடுகிறேன். எரிப்பான் என்று நான் சொல்வது தட்டில் தரவைப் பதிகிற அந்தச் சொஃப்ட்வெயாரைத்தான்.

இந்தக் காலத்திலும் டிவிடியா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் என் கடையில் வந்து இருந்து பார்க்க வேண்டும். இடப்பெயர்வுகளில் அல்பம் முழுவதையும் தொலைத்த வீடுகள் வன்னியில் அதிகம். அம்மா அப்பாவின் கலியாண வீடியோவின் ஒரே பிரதி ரொறொன்ரோவில் ஒரு சித்தியின் அலுமாரிக்குள் விஎச்எஸ் கசற்றாகக் கிடக்கும். யாராவது ஊருக்கு வரும்போது அது சூட்கேசுக்குள் வந்து, என்னிடம் வந்து, ஐந்து சகோதரருக்கு ஐந்து டிவிடியாகப் பிரியும். பென்ட்ரைவில் போட்டுத் தருகிறேன் என்றால், "அதைப் பிள்ளையள் அழிச்சுப் போடுங்கள் தம்பி, சிடியாத் தாங்கோ" என்கிறார்கள். சொன்னதில் பிழையில்லை. இதைவிடச் சாமத்திய வீடு, வற்றாப்பளைப் பொங்கல், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா என்று ஆண்டுக்கு ஆண்டு குறைந்தாலும் வேலை நிற்கவில்லை.

சரி, விசயத்துக்கு வருவோம். எரிக்கிற மென்பொருள் என்றால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் நீரோதான். ஜேர்மனியின் அஹெட் என்ற நிறுவனம் 1997 இல் வெளியிட்டது. நிறுவனமே 2005 இல் நீரோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. உரோம் நகரை நீரோ எரித்தான் என்ற கதையை வைத்துத்தான் 'நீரோ பேர்னிங் ரொம்' என்ற பெயர். அடையாளப் படத்தில் கொலோசியம் தீப்பற்றி எரியும். உண்மையில் கொலோசியம் கட்டப்பட்டதே நீரோ செத்த பிறகு. கி.பி. 64 இல் உரோம் எரிந்தபோது அந்தக் கட்டடமே இல்லை. நான் இதைச் சொன்னால் கடைப் பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பான்.

இந்த நீரோ இரண்டு உடுப்பில் வந்தது. ஒன்று, தனிப் பெட்டியாகக் கடையில் விற்ற முழுப் பதிப்பு. 2008 இல் வந்த ஒன்பதாம் பதிப்பின் விலை 80 டொலர் அளவில், அன்றைய நாணய மாற்றில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. மற்றது, ரைட்டர் செய்கிற கொம்பனி மொத்தமாக உரிமம் எடுத்து, ரைட்டரின் பெட்டிக்குள் போட்டுத் தந்த பதிப்பு. ஓஈஎம் (OEM) என்பது அதைத்தான். ரைட்டரே மூவாயிரம் ரூபாய்க்கு வந்த காலத்தில் அதற்குள் ஒன்பதாயிரம் ரூபாய்ச் சாமானை எப்படி வைத்துக் கொடுத்தார்கள்? அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டிருந்தால் கனக்கத் தலையிடி மிஞ்சியிருக்கும்.

விடை: வைக்கவில்லை. பெயரும் படமும் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. டிவிடி பிளேயரில் ஓடுகிற வீடியோ எம்பெக்-2 என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். அந்த வடிவத்துக்குக் காப்புரிமை இருந்தது. வீடியோவை அதற்கு மாற்றுகிற மென்பொருள் ஒவ்வொரு பிரதிக்கும் 2002 இலிருந்து 2.50 டொலர், 2010 இலிருந்து 2 டொலர் உரிமக் கட்டணம். எம்பி3 செய்வதற்கு இன்னொரு கட்டணம். டொல்பி ஒலிக்கு இன்னொன்று. ரைட்டரில் வருகிற இலாபமே கொஞ்சமாக இருக்கையில் எந்தக் கொம்பனி இதையெல்லாம் கட்டும்? ஆகவே கட்டணம் உள்ள பகுதிகளை வெட்டினார்கள், அல்லது முப்பது தரம் பாவித்தால் பூட்டிக்கொள்கிற மாதிரி வைத்தார்கள். கூட வந்த நீரோக்கள் பலவற்றில் எம்பி3 ஆக்குகிற வசதி அப்படித்தான் இருந்தது. முப்பது பாட்டு முடிந்ததும் "வாங்குங்கள்" என்று ஒரு பெட்டி எழும்பும்.

எம்பி3 காப்புரிமை உரிமம் 2017 இலும், அமெரிக்காவில் எம்பெக்-2 காப்புரிமைகள் 2018 இலும் முடிந்துவிட்டன. ஆனாலும் இன்றைக்கு ரைட்டரோடு வருகிற பவர்2கோ போன்றவற்றிலும் கூட வருவது கழித்த பதிப்புத்தான். பழக்கம் விடாது.

இந்த வெட்டு யாரைப் பாதிக்கும்? இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். ஸ்ரூடியோக்காரன் எடியஸிலோ பிரீமியரிலோ வெட்டி ஒட்டி, அதிலிருந்தே எம்பெக்-2 ஆக வெளியே எடுத்து, மெனுவும் போட்டு டிவிடிக்கான ஃபோல்டரை ஆயத்தமாக வைத்திருந்தால், எரிப்பானுக்கு இருக்கிற வேலை அந்தத் தரவைத் தட்டில் எழுதுவது மட்டும். அந்த வேலையைக் கூட வந்த பதிப்பு ஒன்பதாயிரம் ரூபாய்ப் பதிப்பு செய்கிற அதே திறத்தில் செய்யும். எழுதுகிற எந்திரம் இரண்டிலும் ஒன்றுதான். "முழுப் பதிப்பில் அடித்தால் கிளியர் கூட" என்று சில பேர் சொல்வது வெறும் கதை. கிளியர் தீர்மானமாவது எத்தனை மணித்தியால வீடியோவை 4.7 ஜிபிக்குள் அமுக்குகிறோம் என்பதில். ஒரு மணித்தியாலம் என்றால் டிவிடி தாங்கக்கூடிய உச்சத் தரத்துக்கே இடம் இருக்கும். மூன்று மணித்தியாலக் கலியாணத்தை ஒரே தட்டில் போட்டால் செக்கனுக்கு மூன்றரை மெகாபிட் அளவுதான் மிஞ்சும். தாலி கட்டுகிற நேரம் தூவுகிற பூவெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரியும். இரண்டு தட்டாகப் பிரித்துக் கொடுங்கள். எந்த மென்பொருளாலும் இதற்கு மருந்தில்லை.

ஃபோனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து "அப்பிடியே டிவிடி பிளேயரில ஓடுற மாதிரித் தாங்கோ" என்கிற வாடிக்கையாளர்தான் உங்களிடம் கூட வருகிறார் என்றால் கதை வேறு. அப்போது வெட்டிய பதிப்பு முதல் நாளே கையை விரிக்கும்.

அடுத்தது, வன்னிக்காரர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. கூட வந்த பதிப்பு உங்களுக்குச் சொந்தமில்லை, அந்த ரைட்டருக்குச் சொந்தம். மென்பொருள் கேட்டால் ஒவ்வொரு ரைட்டரும் தன் கொம்பனிப் பெயரையும் மொடலையும் சொல்லும். ஓஈஎம் பதிப்புகள் பல அதைக் கேட்டுப் பார்த்து, தனக்குரிய கொம்பனி இல்லையென்றால் எரிக்க மாட்டேன் என்று நிற்கும். ஏசி அறைக்குள் ரைட்டர் ஐந்தாறு வருசம் கிடக்கிற ஊரில் இது ஒரு குறையே இல்லை. இங்கே? கோடையில் புழுதி, மாரியில் ஈரம், இடையில் ஏறி இறங்குகிற கரண்ட். என் கடையில் எந்த ரைட்டரும் இரண்டு வருசத்தைத் தாண்டியதாக நினைவில்லை. லென்சில் புழுதி படிந்து முதலில் டிவிடியை மறுக்கும், பிறகு சிடியையும் மறுக்கும். ரைட்டர் செத்த அன்றே மென்பொருளும் உடன்கட்டை ஏறும்.

இதை நான் 2012 ஆவணியில் படித்தேன். விசுவமடுப் பக்கத்துக் கலியாணம். மாப்பிள்ளையின் மாமனார் ஞாயிறு விடியப் பிரான்சுக்குப் பறக்கிறார், இருபது கொப்பி வேண்டும். சனி பின்னேரம் ஏழாவது கொப்பியில் ரைட்டர் படுத்துவிட்டது. ஓடிப்போய் வேறு கொம்பனி ரைட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். கூட வந்த மென்பொருள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதுப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய மென்பொருள் சிடி அங்கே இல்லை. கடைக்காரர் அதை எடுத்துத் தனியாக விற்றிருப்பார் என்பது என் ஊகம். கேட்டதற்கு "அது வாறதில்லை அண்ணை" என்றார். பெட்டியின் வெளியே அதன் படம் அச்சடித்துக் கிடந்தது. ரைட்டர் கொம்பனிக்கு எழுதினால் என்ன என்று நினைக்கலாம். கூட வந்த பதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டியது மென்பொருள் நிறுவனமல்ல, ரைட்டர் கொம்பனிதான். சனி இரவு ஒன்பது மணிக்கு யார் பதில் சொல்வது?

அன்றிரவு கைகொடுத்தது இம்பேர்ன் (ImgBurn) என்ற இலவச எரிப்பான். டொங்கிள் இணையத்தில் சில எம்பிதான், இறக்க அதிக நேரம் எடுக்கவில்லை. எந்தக் கொம்பனி ரைட்டர் என்று அது கேட்காது. டிவிடி ஃபோல்டரைக் காட்டினேன், எழுதியது. மிச்சம் பதினான்கு கொப்பியும் விடியப்புறம் மூன்று மணிக்கு முடிந்தது. 2013 இல் வந்த 2.5.8.0 தான் அதன் கடைசிப் பதிப்பு. அந்த நிறுவியோடு வேண்டாத விளம்பர மென்பொருளும் ஒட்டிக்கொண்டு வரும், அடுத்து அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போகாமல் வாசித்து மறுக்க வேண்டும். எம்பெக்-2 ஆக்கி மெனு போடுவதற்கு டிவிடிஸ்டைலர் இருக்கிறது, அதுவும் இலவசம். முகம் அழகில்லை, வேலை செய்யும். லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்குக் கே3பி (K3b) என்ற எரிப்பான் போதும்.

வின்டோஸ் உள்ளே இருக்கிறதை வைத்துச் சமாளிக்கலாமா என்றும் மருமகன் கேட்டான். எக்ஸ்பி சிடி மட்டும்தான் எழுதும், விஸ்ராவிலிருந்து டிவிடியும் எழுதும், ஏழிலிருந்து ஐஎஸ்ஓ கோப்பையும், அதாவது முழுத் தட்டையும் ஒரே கோப்பாக வைத்திருப்பதையும், நேரே எழுதும். கோப்புக் கொடுக்க அது தாராளம். எழுதத் தொடங்கும்போது பென்ட்ரைவ் மாதிரியா, சிடி டிவிடி பிளேயருக்கா என்று இரண்டு தெரிவு காட்டும். பழக்கதோசத்தில் முதலாவதை அமுக்கினால் வீட்டு பிளேயர் அதை வாசிக்காது என்றே வையுங்கள். அப்படித் திரும்பி வந்த தட்டுகள் என் மேசை லாச்சிக்குள் ஒரு கட்டு.

காசு கொடுத்து முழுப் பதிப்பு வாங்குவது வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2013 இல் நானே வாங்கினேன். இங்கிருந்து கட்ட கார்ட் இல்லை, கனடா அண்ணன் கட்டி சீரியல் இலக்கத்தை வைபரில் அனுப்பினார். காரணம் ஒன்றே ஒன்று: மூன்று ரைட்டரை ஒரே கொம்பியூட்டரில் பூட்டி ஒரே நேரத்தில் மூன்று கொப்பி அடிக்க வேண்டியிருந்தது, மூன்றும் வெவ்வேறு கொம்பனி. முழுப் பதிப்பு ஒரே அமுக்கலில் மூன்றுக்கும் எழுதியது. ரைட்டர்கள் செத்துச் செத்து மாறின, மென்பொருள் அசையாமல் நின்றது. ஒரு சீசன் சாமத்திய வீடுகளில் போட்ட காசு திரும்பி வந்தது. குறை என்றால் பாரம்தான். நீரோவின் ஏழாம் எட்டாம் பதிப்புகளில் எரிப்பதை விட மற்ற வேலைகள் கூடி, நிறுவியே நூறு எம்பியைத் தாண்டியது. கூட வந்த சின்னப் பதிப்பு பழைய கொம்பியூட்டரில் சுறுக்காகத் திறக்கும், அதில் அதற்கே வெற்றி.

எதை வாங்கினாலும் மாறாத சிக்கல்களும் உண்டு. தமிழில் நீளப் பெயர் வைத்த கோப்புகளைத் தட்டில் போடும்போது ஜொலியட் என்ற பெயர் எழுதும் முறையில், .mp4 போன்ற பின்னொட்டும் சேர்த்து, பெயருக்கு 64 இடம்தான். 'கி' என்று நாம் எழுதும் ஓர் எழுத்து கொம்பியூட்டருக்கு இரண்டு இடம். 'எங்கள் அப்பம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகள் முழுமையான தொகுப்பு' என்று பெயர் வைத்தால் வால் அறுந்துதான் போகும். சுருக்கி வையுங்கள். கரண்ட் நடுவில் போனாலும் அப்படித்தான். கொம்பியூட்டர் தடுமாறினால் எழுதுவதை நிறுத்திப் பிடிக்கிற பாதுகாப்பு எல்லா ரைட்டரிலும் உண்டு, கரண்டே போனால் அதுவும் சேர்ந்து போகும். யூபிஎஸ் இல்லாமல் மென்பொருளைப் பற்றிக் கதைத்து என்ன பிரயோசனம்?

நூறு ரூபாய்க்கு வந்த களவுக் கொப்பி பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். எல்லோரும் பாவித்தது, நானும் பாவித்தேன். அதோடு வந்த சீரியல் உடைக்கிற கோப்பில் இருந்த வைரஸ், கடைக்கு வந்த ஆட்களின் பென்ட்ரைவ் எல்லாவற்றுக்கும் பரவியது. ஒரு ரீச்சர் தன் பள்ளிக்கூடக் கேள்வித்தாள்கள் முழுவதையும் அதில் இழந்தார். அன்றோடு விட்டேன்.

மருமகனுக்கு இரண்டாவது கோலில் நான் சொன்னது இதுதான்: வெட்டி ஒட்டுவதை எடியஸில் செய்கிறாய், எம்பெக்-2 அங்கேயே வந்துவிடும், ரைட்டரும் ஒன்றுதான். மென்பொருள் இல்லாத பெட்டியை எடு, இலவச எரிப்பானைப் போடு. மிச்சக் காசுக்கு நல்ல தட்டாக ஐம்பது வாங்கு, எட்டு (8x) வேகத்துக்கு மேல் எழுதாதே, எழுதியபின் சரிபார்க்கிற கட்டத்தைத் தவறவிடாதே. மூன்று ரைட்டர் பூட்டுகிற அளவுக்கு வேலை வந்தால் முழுப் பதிப்பை அப்போது பார்ப்போம்.

"அப்ப கனடா மாமாவிட்ட இப்பவே சொல்லி வைக்கட்டே?" என்றான்.

முதலில் யூபிஎஸ் வாங்கடா என்றேன்.