ரிச்சி ஸ்ட்ரீட்ல 350 ரூபாய்க்கு எந்திரிச்ச லேப்டாப்

தப்பு என்னோடதுதான், அத முதல்லயே சொல்லிடறேன். 2014ல வாங்குன பழைய லேப்டாப், விண்டோஸ் 10 கூடவே உபுண்டுங்கற லினக்ஸ் சிஸ்டமும் போட்டு வெச்சிருந்தேன், அத ஆறு மாசமா தொடவே இல்ல, எடம் வேற பத்தலையேன்னு டிஸ்க் மேனேஜ்மென்ட்ட தொறந்து அது இருந்த பார்ட்டிஷன, அதாவது ஹார்ட் டிஸ்க்ல அதுக்குன்னு பிரிச்சு வெச்ச பகுதிய, தூக்கிட்டேன். அப்ப ஒண்ணும் ஆகல. மறுநாள் காலைல ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன்ல 'நோ சச் பார்ட்டிஷன்'னு ஒரு வரி, கீழ 'க்ரப் ரெஸ்க்யூ'ன்னு போட்டு கர்சர் மட்டும் கண்ண சிமிட்டிட்டு நிக்குது. நான் டிடிபி வேலை பாக்கறவன், வைகாசி முகூர்த்தத்துக்கு பதினாலு பத்திரிகை டெஸ்க்டாப்லயே கெடக்கு. வயிறு கலக்கிடுச்சு.

மொதல்ல வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன். அரை நிமிஷம்கூட பாக்கல, "விண்டோஸ் கரப்ட் சார், ஃபார்மேட் அடிச்சு 11 போட்டுடலாம், 1500 ஆகும், சி டிரைவ் மட்டும்தான் போகும்"னாங்க. டெஸ்க்டாப்ல இருக்கறது பூரா சி டிரைவ்லதானய்யா இருக்கு! அதோட என்னோடது 4வது ஜெனரேஷன் ஐ3 ப்ராசசர், இன்டெல்ல 8வது ஜெனரேஷன்லேர்ந்துதான் 11க்கு முறையான சப்போர்ட். மூடி பையில போட்டுட்டு கெளம்பிட்டேன்.

அப்புறம்தான் ரிச்சி ஸ்ட்ரீட், சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச தெரு. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடலாம், ஞாயித்துக்கெழம மட்டும் போயிடாதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் எறக்கியிருக்கும். மாடிப்படிக்குக் கீழ ஒரு டேபிள், ரெண்டு ஸ்டூல், அவ்ளோதான் கடை. கடை பேர நான் இங்க போடல, இப்பவே அங்க நிக்க எடம் கெடையாது.

கடைக்கார அண்ணன் லேப்டாப்ப தொறக்கறதுக்கு முன்னாடியே "கடைசியா என்ன பண்ணீங்க?"ன்னுதான் கேட்டார். சொன்னேன், சிரிச்சிட்டார். "விண்டோஸ் நல்லாத்தான் தம்பி இருக்கு. வாசல்ல உபுண்டுவோட வாட்ச்மேன் நிக்கிறான், அவன் சாவி வெச்சிருந்த ரூம நீ இடிச்சிட்ட"ன்னார். விஷயம் அதேதான், ஹார்ட் டிஸ்கோட மொத செக்டர் வெறும் 512 பைட், ஆன் பண்ணதும் சிஸ்டத்த ஏத்தி விடற உபுண்டுவோட புரோகிராம்தான் க்ரப், அதோட முதல் துண்டு அங்க உக்காந்துக்கிட்டு மிச்சத்த நான் அழிச்ச பார்ட்டிஷன்ல தேடுது, கெடைக்கல, அப்படியே நின்னுடுச்சு.

அவர் செஞ்சதுல எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான்: ரிப்பேர்ல கை வெக்கல, மொதல்ல ஒரு லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி என் ஃபோல்டர தொறந்து காட்டினார், ரெண்டு பத்திரிகை பிடிஎஃப்ப என்னையே தொறந்து பாக்க சொன்னார், நான் கொண்டு போன எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எல்லாத்தையும் காப்பி போட்டார். அப்புறம்தான் விண்டோஸ் பென் டிரைவ சொருகி, ரிப்பேர்ல போயி, கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'பூட்ரெக் ஃபிக்ஸ் எம்பிஆர்'னு ஒரே ஒரு வரி. அது அந்த மொத செக்டர்ல இருக்கற பூட் கோட மட்டும்தான் மாத்தி எழுதும், எந்த பார்ட்டிஷன் எங்க இருக்குன்னு அதே செக்டர்ல குறிச்சிருக்கற 64 பைட் பார்ட்டிஷன் டேபிள தொடாது, அதனால ஃபைல் எதுவும் போகாது. ரீஸ்டார்ட் பண்ணா விண்டோஸ் லோகோ! புது லேப்டாப்னா யூஇஎஃப்ஐங்கற வேற பூட் முறை, அதுக்கு இந்த வரி வேலைக்கு ஆகாது, பயாஸ் செட்டிங்ஸ்ல பூட் ஆர்டர்ல விண்டோஸ் பூட் மேனேஜர மேல தூக்கிவிட்டாலே பல நேரம் சரியாயிடும்னும் சொன்னார். வீட்ல ஒரு 8 ஜிபி பென் டிரைவ்ல விண்டோஸ் ரெடியா வெச்சுக்கோன்னும் சொல்லி அனுப்பினார்.

குறை இல்லாமயா? காப்பி ஓடி முடிய ரெண்டு மணி நேரம், நின்னே கால் வீங்கிடுச்சு, நடுவுல வேற ரெண்டு பேரு லேப்டாப்ப பிரிச்சு மாட்டிட்டு இருந்தார். 350 ரூபாய்க்கு பில் கெடையாது. "ஆபீஸ் போட்டுத் தரவா, 200 குடு போதும்"னு ஒரு தூண்டில், லைசென்ஸான்னு கேட்டா சிரிப்பு, வேணாம்னுட்டேன். என் டிஸ்க் கேபிள அங்கயே விட்டுட்டு வந்து மறுநாள் திரும்பப் போனேன், எடுத்துதான் வெச்சிருந்தார்.

எந்த எடத்துக்கு ஆசப்பட்டு இவ்வளவும் பண்ணேனோ அந்த 60 ஜிபி இன்னும் எதுக்கும் உதவாம டிஸ்க் மேனேஜ்மென்ட்ல கருப்புக் கோடாத்தான் கெடக்கு. நடுவுல ரெக்கவரி பார்ட்டிஷன் குந்தியிருக்கு, சி டிரைவோட சேர மாட்டேங்குது. தனி டிரைவா போட்டுக்கலாம்தான், ஆனா பத்திரிகை எல்லாம் பிரிண்ட் போற வரைக்கும் நான் டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கமே போறதா இல்ல.