ஒகோச்சாவா, கானுவா?

நைஜீரியக் கால்பந்தின் இந்த இரு நட்சத்திரங்களில் யார் பெரியவர்? கண்ணுக்கு விருந்து என்றால் ஜே-ஜே ஒகோச்சாதான். 1993-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் அணிக்காக, எதிரணி கோல்கீப்பர் ஆலிவர் கானையும் தடுப்பாட்டக்காரர்களையும் பெனால்டி பகுதிக்குள் இப்படியும் அப்படியுமாக அலையவிட்டு அடித்த கோலை இன்று பார்த்தாலும் சிரிப்பு வரும். ஆனால் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

நுவான்க்வோ கானு அதை இருமுறை வாங்கினார். நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியுடன் 1995-ல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 1996 ஒலிம்பிக் அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக 90-வது நிமிடத்தில் சமன், அப்புறம் கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை அங்கேயே முடித்துவைக்கும் கோல்டன் கோல், முடிவு 4-3. இறுதியிலும் வென்று தங்கம். அந்த அணியில் ஒகோச்சாவும் இருந்தார், சரி, ஆனால் கேப்டன் கானு. அதே ஆண்டு இதய அறுவைச் சிகிச்சை. 1999-ல் இங்கிலாந்தின் அர்செனல் அணிக்காக, செல்சிக்கு எதிராகக் கடைசி கால் மணி நேரத்தில் ஹாட்ரிக்!

என் ஓட்டு கானுவுக்கு. டிக்கெட் வாங்குவதென்றால் ஒகோச்சாவுக்கு.