குட்டிப் பிள்ளைங்க பறவை பாக்க 6×30 பைனாகுலர்: ஒரு வருஷம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து மூணாங்கிளாஸ் வரைக்கும் உள்ள பிள்ளைங்களை வாரம் ஒரு தடவை பறவை பாக்க கூட்டிட்டுப் போறேன். அதுக்காக வாங்கின 6×30 பைனாகுலர் ஆறு பீஸ், கைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டே இருந்தேன், ஏன்னா இதே வேலைக்கு முதல்ல வேற ஒண்ணை வாங்கிட்டு, ஆசையா ஓடி வந்த பிள்ளைங்க முகம் வாடிப்போனதை நேர்ல பாத்தவ நான்.

அந்த முதல் செட் 10×25. சின்னதா, பாக்கெட்ல வைக்கிற சைஸ், குட்டிக் கைக்கு சரியா இருக்கும்னு நினைச்சேன், பத்து மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருந்ததும் நல்ல விஷயமாத்தான் பட்டுச்சு. மொத நாள் எல்லாரும் கண்ணுல வச்சிட்டு "தெரியுது டீச்சர், தெரியுது"ன்னாங்க. ஒரு பொண்ணு மட்டும் ரொம்ப நேரம் வச்சுப் பாத்துட்டு மெதுவா "கறுப்பாத்தான் இருக்கு டீச்சர்"னு சொன்னா. அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தர்கிட்டயா போய் "என்ன கலர், எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கு"ன்னு கேட்டேன், பாதிப் பேருக்கு பறவையே தெரியல, டீச்சர் வருத்தப்படுவாங்கன்னு தலையாட்டியிருக்காங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுக்கு என்ன காரணம்னு உக்காந்து படிச்சப்போ விஷயம் ரொம்ப சிம்பிள்தான். பைனாகுலர்ல போட்டிருக்கிற முதல் நம்பர் எத்தனை மடங்கு, ரெண்டாவது நம்பர் முன்னாடி இருக்கிற லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவதை முதலாவதால வகுத்தா கண்ணு பக்கம் வெளிய வர்ற ஒளி வட்டத்தோட அளவு கிடைக்கும். 10×25ன்னா 2.5 மி.மீ., 6×30ன்னா 5 மி.மீ. அந்த வட்டம் சின்னதா இருந்தா கண்ணு கொஞ்சம் நகர்ந்தாலே கறுப்பாயிடும், ஆறு வயசுப் பிள்ளை அசையாம நிக்குமா சொல்லுங்க. அதோட கை நடுக்கத்தையும் பத்து மடங்கா காட்டும், பறவை துள்ளுதா கை துள்ளுதான்னே தெரியாது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல உள்ள இடைவெளி. எங்க பிள்ளைங்களுக்கு ஸ்கேல் வச்சு அளந்தேன், நிறைய பேருக்கு 50ல இருந்து 55 மி.மீ.க்குள்ளதான் வந்துச்சு. பெரியவங்க சைஸ் பைனாகுலரை நடுவுல மடக்கி ரெண்டு குழாயையும் நெருக்கினாலும், நிறைய 56 மி.மீ. பக்கத்துலயே நின்னுடும், அதுக்கு மேல மடங்காது. அப்படின்னா பிள்ளை ஒத்தக் கண்ணுலதான் பாக்குது, இல்ல ரெண்டுலயும் பாக்கல.

இப்ப இருக்கிற 6×30 அந்தப் பழைய வடிவம், முன்னாடி லென்ஸ் ரெண்டும் அகலமா தள்ளி இருக்கும், போரோ ப்ரிஸம்னு சொல்வாங்க. 50 மி.மீ. வரைக்கும் மடங்குது. பார்வை அகலம் 8 டிகிரி, அதாவது ஒரு கிலோமீட்டர் தள்ளி கிட்டத்தட்ட 140 மீட்டர் அகலத்துக்குத் தெரியும், அதனால பறவையைத் தேடி கண்டுபிடிக்கிறது பிள்ளைங்களுக்கு ரொம்ப ஈஸி. கண்ணாடி போட்ட பிள்ளைங்க கண்ணு வைக்கிற பக்கம் இருக்கிற ரப்பரை மடிச்சு விட்டுட்டு கண்ணாடியைக் கழட்டாமலே பாக்கலாம், எங்ககிட்ட மூணு பேர் அப்படித்தான் பாக்குறாங்க.

ஆறு மடங்கு போதுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. போதும்ங்க, தாராளமா போதும். ஒரு நாள் தண்ணித் தொட்டிகிட்ட புறா ஒண்ணு வந்து உக்காந்துச்சு, பக்கத்துல ஒரு காக்கா. ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கண்ணுல வச்ச பைனாகுலரை எடுக்காமலே "டீச்சர், காக்கா குடிச்சுக் குடிச்சு மேல பாக்குது, புறா தலையைத் தூக்கவே மாட்டேங்குது"ன்னான். எனக்கு அப்படியே சிலிர்த்துப்போச்சு. முக்காவாசி பறவைங்க அலகுல தண்ணியை மொண்டு, தலையை நிமித்தி தொண்டைக்குள்ள விடும், புறா மாதிரி சிலது மட்டும்தான் அலகை உள்ள விட்டு உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நான் சொல்லியே தரல அவனுக்கு, அவனே பாத்துப் பிடிச்சான். அன்னைக்கு எல்லாரும் வரிசையா நின்னு அந்தத் தொட்டியையே பாத்துட்டு இருந்தோம், பீரியட் முடிஞ்சதுகூட தெரியல. இன்னொரு வாரம் மைனா கண்ணைச் சுத்தி இருக்கிற மஞ்சத் தோலு, அது இறகு இல்ல வெறும் தோலுதான்னு ஒரு பொண்ணு கண்டுபிடிச்சா. ஆண் சிட்டுக்குருவி தொண்டையில கறுப்பு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது, அதெல்லாம் இப்ப ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க தூரத்துல இருந்தே சொல்லுதுங்க. சின்ன வயசுல நூறு பறவை பேரு மனப்பாடம் பண்றதைவிட, ஒரு பறவையை பத்து நிமிஷம் பாத்த பிள்ளைக்குத்தான் அது மேல பாசம் வருது, இதை நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன்.

பைனாகுலரைக் கையில குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெறுங்கண்ணாலதான் பாக்க வைக்கிறேன். அப்புறம் சுவத்துல எழுத்து ஒட்டி வச்சு ஃபோகஸ் பண்ண பழக்குறது. முக்கியமா ஒண்ணு, பறவை மேல இருக்கிற பார்வையை எடுக்காம பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கணும், குனிஞ்சு பைனாகுலரைப் பாத்துட்டு நிமிந்தா பறவை எங்கன்னே தெரியாது. இடம் சொல்றதுக்கு பெரியவங்க மரத்தை கடிகாரமா நினைச்சு மூணு மணி பக்கம் நாலு மணி பக்கம்னு சொல்வாங்க, எங்க பிள்ளைங்களுக்கு மணி பாக்கவே வராது, அதனால மரத்தை ஆளா ஆக்கிட்டோம். உச்சி தலை, பெரிய கிளை ரெண்டும் தோளு, நடுவுல இடுப்பு. "இடது தோள்ல பச்சைக்கிளி"ன்னு ஒரு பிள்ளை சொன்னா மத்த எல்லாரும் டக்குன்னு பிடிச்சிடுறாங்க.

சூரியனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இதுல பாக்கக் கூடாது, ஒரு நொடிகூட, கண்ணு நிரந்தரமா போயிடும். இதை ஒவ்வொரு தடவையும் வெளிய போறதுக்கு முன்னாடி பிள்ளைங்க வாயாலயே சொல்ல வைக்கிறேன், எப்பவும் சூரியனுக்கு முதுகு காட்டித்தான் நிக்க வைக்கிறேன், அப்பத்தான் பறவையோட கலரும் நல்லா தெரியும்.

குறைன்னு பாத்தா எடை. ஒண்ணு சுமார் 470 கிராம், கூட வந்த கழுத்துப் பட்டை மெல்லிசு, இருபது நிமிஷத்துல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க கழுத்தைத் தடவ ஆரம்பிச்சிடுதுங்க. நாங்க ரெண்டு தோள்லயும் மாட்டுற மாதிரி பட்டை தனியா வாங்கிப் போட்டோம், அதுக்கப்புறம் யாரும் வலிக்குதுன்னு சொல்லல. அடுத்தது வலது கண்ணு பக்கம் இருக்கிற வளையம், ரெண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை சரி பண்ற அது ரொம்ப லூசு, பிள்ளைங்க கை பட்டாலே திரும்பிடுது, அப்புறம் மங்கலா தெரியுதுன்னு வரும். நடுவுல வச்சு டேப் ஒட்டிட்டேன். லென்ஸ் மூடி ஆறுல நாலு மொத மாசமே காணாமப் போச்சு, கயிறு வச்சுக் குடுத்திருக்கலாம் அந்தக் கம்பெனி. மூணு மீட்டருக்குள்ள இருக்கிறது ஃபோகஸ் ஆகாது, அதனால பட்டாம்பூச்சி எறும்புக்கெல்லாம் இது ஆகாது, அதுக்கு கை லென்ஸ்தான்.

ஆறு பீஸ்தான் இருக்கு, பிள்ளைங்க இருபத்தி நாலு பேரு. ஒரு பைனாகுலருக்கு நாலு பேர்னு பிரிச்சேன், ஒருத்தர் பாக்கணும், ஒருத்தர் வெறுங்கண்ணால இடம் காட்டணும், ஒருத்தர் கேள்வி கேக்கணும், ஒருத்தர் வரையணும், அப்புறம் மாத்திக்கணும். ஆளுக்கு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு முதல்ல ஏங்கினேன், இப்ப அப்படித் தோணல, பாக்குற பிள்ளை வாயால சொல்லிச் சொல்லித்தான் நல்லா பாக்குது.

பேரு தெரியாத பறவைக்கு கார்னெல் பறவையியல் ஆய்வகத்தோட மெர்லின் ஆப் வச்சுக்கிறோம், இலவசம்தான். ஃபோட்டோ, சத்தம் வச்சும் கண்டுபிடிக்கும், ஆனா நான் பிள்ளைங்ககிட்ட அது கேக்குற கேள்வி வழியைத்தான் பழக்குறேன், எங்க பாத்த, என்னைக்கு, எவ்ளோ பெருசு, என்ன கலர், என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு. பைனாகுலர்ல ஒழுங்கா பாக்காத பிள்ளையால அதுக்கு பதில் சொல்ல முடியாது, அதனால இப்ப ஃபோனை எடுக்கிறதுக்கு முன்னாடியே "இருங்க டீச்சர், வாலைப் பாக்கல"ன்னு இன்னொரு தடவை பாக்குதுங்க.

பொம்மைக் கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் லென்ஸ் பைனாகுலரைவிட விலை ரொம்பவே அதிகம்தான், அதை மறைக்கல. மூணு வயசு நாலு வயசுக்கு வாங்க வேணாம், அந்த வயசுக்கு கண்ணே போதும். ஆறு வயசுக்கு மேலன்னா தைரியமா வாங்கலாம், வாங்குறதுக்கு முன்னாடி பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் கண்ணுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, "தெரியுதா"ன்னு கேக்காதீங்க, "என்ன தெரியுது"ன்னு கேளுங்க. எங்களுக்கு அடுத்த வருஷத்துக்கு இன்னும் ரெண்டு சொல்லி வச்சிருக்கோம், இதே 6×30தான். அந்த "கறுப்பாத்தான் இருக்கு"ன்னு சொன்ன பொண்ணு இப்ப மூணாங்கிளாஸ், புதுசா வர்ற ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு கண்ணு இடைவெளி சரி பண்ணிக் குடுக்கிற வேலை அவளுக்குத்தான்.