"உடையேல்லை அக்கா, நெளிஞ்சிருக்கு": நிலாவெளி வீதிக் கராஜ் ஒன்று

என் ஸ்கூட்டியை முதலில் கொண்டுபோனது இந்தக் கராஜுக்கு இல்லை. திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஓட்டோ பின்னுக்கு எடுக்கும்போது முன்சில்லில் பட்டு, மெதுவாக வந்துகொண்டிருந்த நான் வண்டியோடு சரிந்துவிட்டேன், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வீட்டுக்குக் கிட்ட உள்ள கராஜில் வண்டியைக் கண்டவுடனே கேட்டது, "எங்க அக்கா கொண்டுபோய் அடிச்சனீங்கள்?" நான் எங்கே அடித்தேன்! ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்ல, நான்தான் வேகமாக வந்து விட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முன்சில்லைப் பிடித்திருக்கும் ஃபோர்க் "செத்துட்டுது", முன்பக்கம் "முடிஞ்சுது", 28,000 ரூபாய் ஆகுமாம்.

அப்புறம்தான் இங்கே போனேன். பெயர்ப்பலகை வெயிலில் வெளிறிப்போன சின்ன இடம். வேலை செய்யும் தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு "எதில தட்டுப்பட்டது?" என்று கேட்டார். எனக்கு அந்த இடமும் என் வேகமும் அந்த ஓட்டோவும் ஒழுங்காக ஞாபகத்துக்கு வந்தன. "உடையேல்லை அக்கா, நெளிஞ்சிருக்கு. நிமித்தலாம்" என்றார்.

கேள்வியில் வரும் சொல் ஞாபகத்தையே மாற்றிவிடும் என்பது என் மனப்பிரமை இல்லை. 1974ல் உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் மாணவர்களுக்கு வாகன விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாகச் சொன்னது மணிக்கு 41 மைல் அளவு, "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 32. இன்னொரு சோதனையில் ஒரு கிழமை கழித்து உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "நொறுங்க" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள், சாதாரணமாக "மோதியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். ஃபோர்க்கை நிமிர்த்தி, ஒரு பிரேக் லீவர் மாற்றி, கடற்காற்றில் துருப்பிடித்துக் கிடந்த ஆணிகளையும் கேட்காமலே கழற்றித் துடைத்துப் பூட்டி 6,500 ரூபாய். ஹேண்டில் இப்போது ஒரு பக்கம் இழுப்பதில்லை. ஆனால் "சின்ன வேலைதான், நாளைக்கு வாங்கோ" என்றது மூன்று நாள் ஆனது. அதைவிட எனக்குக் கோபம் வந்தது பின் பிரேக்கில். "ஷூ கொஞ்சம் தேஞ்சிருக்கு, பிறகு பார்ப்பம்" என்றதை நம்பி இரண்டு கிழமை ஓடினேன், சத்தம் கேட்டு வேறு இடத்தில் கழற்றினால் ரப்பர் மாதிரி மிஞ்சியிருக்க வேண்டிய பகுதியே இல்லை, இரும்பு இரும்போடு உரசுகிறது. அந்த இடத்தில் "முடிஞ்சுது" என்றே சொல்லியிருக்கலாமே தம்பி.

நெளிவு, நிமிர்த்தல், வயரிங் என்றால் தாராளமாகப் போங்கள், விலையும் நியாயம். பிரேக் என்றால் கழற்றிக் காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள். மத்தியானத்தில் போனால் நிழலுக்கு ஒரு வேப்பமரம் உண்டு, கதிரை மட்டும் ஒன்றுதான்.